நெடி வராத மிளகாய்

காஜா பெராங், மலாக்கா.
3-10-58, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா அஞ்சலை எழுதுவது. கேமரன் மலைக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, கம்பளி போர்த்தி, சளி இருமல் அண்டாமல் இருக்க சன்னாசிமலை ஆண்டவரைக் கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். நாங்கள் எல்லாரும் சுகம் என்று எப்போதும் முதல் வரியில் எழுதுவேனே, அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன், மறந்து விடவில்லை. இதற்கு முன் எழுதின மூன்று கடிதத்திலும் அதை எழுதினது பொய். அப்பா தேறி வருகிறார், மாத்திரை நன்றாய்க் கேட்கிறது என்று எழுதினதும் பொய். நீ இதை உட்கார்ந்து படி அய்யா, வேலைக்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே, பக்கத்தில் யாராவது இருந்தால் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படி.

போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், அனுப்பின மூன்று ரக மிளகாய் விதையில் எது நம் வீட்டு மண்ணுக்கு ஒத்துவந்தது, அடுத்த நடவுக்கு எதை அனுப்பட்டும் என்று. கேள்வி சின்னக் கேள்விதான், அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது, இரண்டு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மற்றதும் வாயில் வரும், அதனால் பொறுமையாய்க் கேள். போன வருஷம் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்றைக்கு அப்பா திடலில் கொடி ஏறினதைப் பார்த்துவிட்டு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது உனக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் புண், மிளகாயை நாக்கில்கூட வைக்கக்கூடாது என்று சொன்னதும் தெரியும். அன்றிலிருந்து மனுஷன் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிளகாய் போடாத குழம்பு என்னடி குழம்பு, மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கிற மாதிரி வைக்கிறியே என்று தட்டைத் தள்ளுவார். அவர் ஒருவர் பத்தியம் தின்ன நானும் உன் தங்கச்சி கோகிலாவும் மட்டும் உறைப்பாகத் தின்பதா என்று ஒரு மிளகாய் இல்லாமல் டின்னைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் வைத்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் நீ, உன் தோட்டத்தில் துரைமார் வாங்குகிற குடைமிளகாய், வாசனை இருக்கும், உறைப்பு இருக்காது, அப்பா தாராளமாய்த் தின்னலாம் என்று எழுதி, மூன்று விதைப் பொட்டலத்தின் மேல் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு அனுப்பினாய். பொட்டலத்தைப் பிரித்தபோது அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முனிசிபலில் சாக்கடை வெட்டின கை, அன்றைக்குத்தான் மறுபடி மண்வெட்டியைப் பிடித்தது.

ஒன்றாம் நம்பர், அந்தப் பெட்டி மாதிரி சதுரக் காய், பேர் பெத்த பேர், வேலை ஒன்றுமில்லை. செடி தளதளவென்று வந்தது, பூவும் வைத்தது, வைத்த பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. அப்பா காலையில் எழுந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மலையில பொறந்த சாதிடி இது, நம்மூர் வெக்கைக்குப் புள்ளை தங்காது என்பார். முருங்கை நிழலில் அத்தாப்பு ஓலை சாய்த்துக் கட்டி, கடைசியில் ஒரே ஒரு காய் நின்றது, அதுவும் ஒரு பக்கம் வெயில் சுட்டு வெள்ளையாய் வெந்துபோய். இரண்டாம் நம்பர், மஞ்சளாய்ப் பழுக்கும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கத்தரி நின்ற பாத்தியிலேயே நட்டார். அதில் நடாதீங்க, மண்ணு ஏற்கெனவே கத்தரியைக் கொன்ன மண்ணு என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் பச்சை மாறாமலே தலையைத் தொங்கப் போட்டது, ஒரு வாரத்தில் பாத்தி காலி. மூன்றாம் நம்பர்தான் நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டது. நீட்டக் காய், தோல் மெல்லிசு, நம் மிளகாயைவிடக் கொஞ்சம் சதை. அதற்கு இடம் சொல்லிக் கொடுத்தது வேலிக்கு அந்தப் பக்கத்துத் தெய்வானை. நம் சாமியைக் கும்பிட்டாலும் மலாய்தான் பேசுகிற மலாக்காச் சிட்டி வம்சத்துக்காரி, உனக்கு அவளைத் தெரியும், சின்ன வயதில் நீ அவள் வீட்டில்தான் பாதி நாள் பசியாறினாய். மண்ணைச் சருகு போட்டுச் சுட்டு, ஆறவைத்து, சாம்பலோடு மேடாக்கி நடச் சொன்னாள், தானே குந்தி உட்கார்ந்து தீ மூட்டினாள். ஏப்ரல் மாதம் காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது. அதை வதக்கி அம்மியில் அரைத்து வைத்தால் அப்பா இரண்டு தடவை சோறு வாங்கினார். மிளகா வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கான், உள்ள ஒண்ணுமில்ல, ஆனா நடிப்பு நல்லாருக்கு என்று சிரித்தார். தின்றது போக மிஞ்சினதைப் பழுக்க விட்டு, முறத்தில் பரப்பி, தகரக் கூரை மேல் காயவைத்தேன். சதைப்பற்றான ஒன்றாம் நம்பரைக் காயவைத்திருந்தால் அழுகியிருக்கும், இது காம்போடு சுருங்கிச் சிவந்து, கடைமிளகாய் எது இது எது என்று எனக்கே தெரியாத அளவுக்குக் காய்ந்தது. கழுவி வைத்த அந்த மிளகாய் டின்னிலேயே போட்டு மூடினேன். இதை மனதில் வைத்துக்கொள் தம்பி.

ஜூன் மாதம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளையாய் ஏதோ குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் சொன்னதை, மருந்து கட்டுகிற டிரஸர் தமிழில் எனக்குச் சொன்னார், புண்ணு இருந்த எடத்துல கட்டி வந்திருக்கும்மா, இன்னும் பரவலே, இப்ப வெட்டி எடுத்தா மனுஷன் பிழைப்பாரு, திங்கக்கிழமை பதினாறாம் தேதி படுக்கை ஒதுக்கியாச்சு, பட்டினியோட கூட்டிட்டு வாங்கன்னு. இதை உனக்கு எழுதவில்லை. வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, ஜப்பான்காரன் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது, இங்கிருந்து போனவர்களில் முக்கால்வாசி திரும்பவில்லை, நான் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் வேட்டியை வைத்து உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன், மனுஷன் எலும்பும் தோலுமாய் உயிரோடு வந்து வாசலில் நின்றார். டாக்டரா அன்றைக்குக் காப்பாற்றினார் என்று என் புத்தி கேட்டது. இதற்கு மேல் அந்த வாரம் தெய்வானை வேலியோரம் நின்று செடியைத் தொட்டுப் பார்த்து, அம்போய், லெபாட் பெத்தோல் என்று வாயைப் பிளந்தாள், அடேயப்பா என்னமாய்க் காய்ச்சிருக்கு என்று அர்த்தம். சந்தோஷத்தில் சொன்னாள், எனக்கு அது முள்ளாய்த் தைத்தது. புக்கிட் பாருவிலிருந்து உன் அத்தை ருக்மணி தன் தம்பியான உங்கப்பாவைப் பார்க்க வந்தாள். வந்தவள், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அஞ்சலை, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவை சுத்திப் போட்டுடுவோம் என்றாள். வீட்டில்தான் உறைக்கிற மிளகாய் இல்லையே, அதனால் நானே தெங்கேராவுக்கு நடந்துபோய்க் கடையில் ஒரு பொட்டலம் காய்ந்த மிளகாய் வாங்கி வந்து, அப்பா கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று சாமி அலமாரிக்கு மேலே விளக்குக்குப் பின்னால் வைத்தேன். வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து நான் பின்னால் தாங்கிப் பிடித்திருந்தேன். அத்தை உப்பு, முச்சந்தி மண் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு மிளகாய் எங்கே என்றாள். நான் இருந்த இடத்திலிருந்தே, கோகிலா, அத்தைக்கு மிளகா எடுத்துக் குடு என்று குரல் கொடுத்தேன். குழந்தைக்கு மிளகாய் என்றால் மிளகாய் டின்தானே. காம்போடு ஏழு எடுத்துக் கொடுத்தாள். அத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அப்பாவைத் துப்பச் சொல்லி, கனன்ற கரியில் போட்டாள். உனக்குத் தெரியாததா, மிளகாய் கருகினால் வீடே இருமும், தும்மும், நெடி வந்தால் கண்ணேறு இல்லை, நெடி வராவிட்டால் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏழு மிளகாயும் படபடவென்று வெடித்துக் கருகின, ஒரு தும்மல் வரவில்லை. இனிப்பாய் என்னவோ தீய்ந்த வாசனை மட்டும் லேசாய் வந்தது. அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள், இது வெறும் கண்ணு இல்லடி, யாரோ பெரிசா செய்து வெச்சிருக்காங்க, இதோட கத்தி வெச்சா தம்பி மேசையிலயே போயிடுவான் என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நீ சொல்றபடி செய்யறேன் அஞ்சலை என்றார். சயாமுக்குப் போய் வந்த மனுஷன், எதற்கும் அஞ்சாதவர், முடிவை என் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அதற்குப் பதிலாய்ப் பத்து பெரெண்டாம் ஊரில் ஒரு பூசாரியிடம் போய்க் கயிறு கட்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தோம். தெய்வானை கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தபோது படியேற விடாமல் வாசலிலேயே நிறுத்தி, உன் கண்ணு கொள்ளிக்கண்ணு, இந்தப் பக்கம் வராதே என்று மலாயிலேயே சொன்னேன், அவளுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று. அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் பதினைந்து நாள் அப்பா கொஞ்சம் தெளிந்தார், நானும் பார்த்தாயா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உனக்குத் தேறிவிட்டார் என்று எழுதினேன். ஆகஸ்டு மாதம் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தார். லோரி பிடித்துக் கொண்டுபோனோம். அதே டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். அப்புறம் பேசினது எனக்குப் புரியாத பாஷை என்றாலும் கோபம் புரிந்தது. டிரஸர் அதைக் குறைத்துத்தான் சொன்னார், அன்னிக்கே வந்திருக்கணும்மா, ஈரலுக்குப் போயிடுச்சு, இனிமே திறந்தும் பிரயோசனமில்லே, வீட்டுக்குக் கூட்டிப் போங்கன்னு. அப்போதும் நான் செய்வினைதான் ஜெயித்துவிட்டது என்று அழுதேன் அய்யா, என் மேல் தப்பு இருக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றவில்லை. வேலியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினேன். உனக்கு மறுபடியும் பொய்யே எழுதினேன், கம்யூனிஸ்டுக்காரர் பயத்தில் மலைப்பாதையில் இன்னும் ஊரடங்கும் சோதனையுமாய் இருக்கிற காலத்தில் நீ பதறிப் புறப்பட்டு உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

புரட்டாசி முதல் சனிக்காக அடுக்களையும் சாமி அலமாரியும் கழுவினேன். விளக்கைத் தூக்கினேன், பின்னால் அந்தப் பொட்டலம் இருந்தது. தெங்கேராக் கடையில் சணல் நூலால் இரண்டு சுற்றுக் கட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தபடியே, முடிச்சுக்கூடக் கலையாமல் இருந்தது. முடிச்சை விரலால் தடவிப் பார்த்தேன். இது பிரிக்காமல் இருக்கிறதே, அப்படியானால் அன்றைக்கு நெருப்பில் போட்டது எது என்று மெதுவாய்த்தான் உறைத்தது. டின்னைத் திறந்தேன். ஒரு மிளகாயை எடுத்துக் கடித்து மென்றேன், தித்தித்தது. நீ அனுப்பின மூன்றாம் நம்பர். கோகிலா பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒத்திகை என்று போயிருந்தாள், வீட்டில் நானும் அவரும்தான். கரி மூட்டி, நூலை அறுத்து, கடைமிளகாயில் ஏழு எடுத்து, அவர் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலைச் சுற்றி வந்து போட்டேன். போட்டதுதான் தாமதம், நெடி கூரையில் முட்டித் திரும்பியது, எனக்கு மூச்சு அடைத்தது, வேலிக்கு அந்தப் பக்கம் தெய்வானை வீட்டில் இருமுகிற சத்தம் கேட்டது. கண்ணேறும் இல்லை, செய்வினையும் இல்லை. ஒன்றுமே இல்லாததற்குப் பயந்து ஒரு மனுஷனின் உயிரை விட்டுவிட்டேன். இதையும் உனக்கு மட்டும் சொல்கிறேன், நெடி வராதது எனக்கு ஒரு சாக்கு. கத்தி என்றால் எனக்குப் பயம், அதுதான் உண்மை. நெடி வந்திருந்தாலும் வேறு ஒரு சாக்கைத் தேடியிருப்பேனோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கே தெய்வானையிடம் போனேன். காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டாள். சுடா லா அஞ்சலே, போகட்டும் விடு என்றாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை, அவர் என்ன சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்டாள். இப்போது காலையில் அவள்தான் கஞ்சி கொண்டுவருகிறாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நெடியில் அப்பா விழித்துக்கொண்டதைச் சொல்ல மறந்துவிட்டேனே. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வழிய, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். யாருடி மிளகா தாளிக்கிறது, வாசனை நல்லாருக்குடி, எத்தனை நாளாச்சு என்றார். ஒரு வாய் குடேன் என்று கேட்டார். எனக்குப் பயம், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போனபோது டிரஸரிடம் கேட்டேன். அவர் உள்ளே போய் டாக்டரைக் கேட்டு வந்து, எது ஆசைப்படறாரோ குடுங்கம்மா, இனி மிளகாயும் தின்னலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தம்பி, உங்கப்பா இனி மிளகாய் தின்னலாமாம். நீ படித்த பிள்ளை, இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கடைமிளகாயை வறுத்து, புளி உப்பு வைத்து அரைத்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, இதுதாண்டி மிளகா, உன் மகன் பாவம், வெவரம் தெரியாம நடிகனை அனுப்பி வெச்சிட்டான் என்றார். நான் அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. நீ வந்தால் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிடுவேன், அவர் போவதற்குள் சொல்லாவிட்டால் நான் இருந்தும் செத்தவள்.

ஆகையால் நீ கேட்டதற்குப் பதில், மூன்றாம் நம்பர்தான் இந்த மண்ணுக்கு ஏற்றது. ஆனால் விதை எதுவும் அனுப்பாதே, நீ வா. இந்தக் கடிதம் கண்டதும் லீவு கேள், கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா, பகல் வண்டியில் தம்பின் ஸ்டேஷன் வரை வந்து அங்கிருந்து பஸ் பிடி. நீ விதை அனுப்பினதால்தான் இப்படி ஆயிற்று என்று ஒரு நிமிஷம்கூட நினைக்காதே, உன் மிளகாயால் அவர் மூன்று மாதம் சிரித்துச் சாப்பிட்டார், அது உன் புண்ணியம், மற்றது என் பாவம். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், வந்து என் முகத்துக்கு நேரே கேள், நான் தலை குனிந்து நிற்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தது கோகிலாவின் கை. பதினைந்து வயதுப் பெண், அது அவளுக்குத் தெரியவே கூடாது, நான் செத்த பிறகும் தெரியக் கூடாது. டின்னில் மிச்சம் இருந்ததைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன், செடியையும் பிடுங்கிவிட்டேன். ஏம்மா பிடுங்கினே, நல்லாத்தானே காய்ச்சது என்று கேட்டாள், பூச்சி விழுந்துவிட்டது என்றேன். நீயும் அதையே சொல். படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டுப் புறப்படு. நீ கண் கலங்காமல், நோய் நொடி இல்லாமல், நூறு வயது வாழ வேண்டும் அய்யா. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வழியில் வெறும் வயிற்றோடு வராதே. தினமும் சாயங்காலம் பஸ் சத்தம் கேட்டால் அப்பா பஸ் வருகிற சடக்குப் பக்கம் தலையைத் திருப்புகிறார், நான் உனக்கு எழுதுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ம. அஞ்சலை